போலீஸ் நோட்டீஸும் ஒரு வக்கீல் ஆபீஸும்: 2,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வக்கீலின் பெயரையோ ஊரையோ கேட்காதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அது போதாதென்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வக்கீல்களுக்கு ரேட்டிங் போட்டு ஆள் பிடித்துக் கொடுப்பதைக் கடுமையாகக் கண்டித்துத் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நான் பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு அந்த அம்மாவை வம்பில் மாட்டிவிட விரும்பவில்லை. (ஐந்து போடப் போவதும் இல்லை, அது அப்புறம்.) ஒரு மாவட்டத் தலைநகரம், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்து, கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் ஆபீஸ். இவ்வளவு போதும்.

நான் செல்போன் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே மாற்றுவது, பேட்டரி மாற்றுவது, பழைய போன் வாங்கி விற்பது, இதுதான் பிழைப்பு. லைசென்ஸ் மட்டும் அப்பா பெயரில் இருக்கிறது, அவருக்கு 67 வயது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கடை ஷட்டரைக்கூட முழுசாகத் தூக்கவில்லை, பக்கத்து மாவட்டத்து ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் போன் செய்தார். ஒரு ஐ.எம்.இ.ஐ. நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) சொல்லி, "இது திருட்டுப் போன், உங்க கடையிலதான் வாங்கினேன்னு ஒருத்தர் சொல்றாரு. நாளைக்குக் காலைல ஸ்டேஷன் வரைக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, சின்ன விசாரணைதான். லைசென்ஸ் அப்பா பேர்லயா? அப்ப அவரையும் கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். போனைத் தொலைத்தவர், தொலைந்த போன்களுக்கான மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் பதிந்து வைத்திருக்கிறார். அந்த போனில் வேறு சிம் விழுந்ததும் தகவல் போய்விட்டது. பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸின் போட்டோ வந்து நின்றது.

வீட்டில் சொன்னதும் அம்மா உட்கார்ந்துவிட்டார். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீஸ் பிடித்துப்போய், காவலில் இறந்துபோன அப்பாவும் மகனும் நினைவிருக்கிறார்களா? அந்த மகன் வைத்திருந்ததும் செல்போன் கடைதான். அதற்குப் பிறகு எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் வீட்டில் "சின்ன விசாரணை" என்று யாராவது சொன்னால் யாரும் சின்னதாக எடுத்துக்கொள்வதில்லை.

பதற்றத்தில் முதலில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். போனிலேயே வக்கீல் பேசுவார் என்று விளம்பரம் செய்யும் ஒரு ஆப்பில் 499 ரூபாய் கட்டினேன். பேசினவர் நோட்டீஸைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "41ஏ நோட்டீஸ்தானே சார், உடனே முன்ஜாமீன் போட்டுடலாம்" என்றார். 41ஏ என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு. அந்தச் சட்டமே 2024 ஜூலை 1ஆம் தேதியோடு போய்விட்டது, இப்போது இருப்பது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா. பேச்சுவாக்கில் பழைய நம்பரைச் சொல்வது பெரிய குற்றமில்லை, கோர்ட்டில் எல்லோரும் இன்னும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் கையில் இருக்கிற காகிதத்தைப் படிக்காமல் மருந்து எழுதுகிறவரை என்ன சொல்வது? அந்த 499 போனது போனதுதான்.

பக்கத்து மெடிக்கல் ஷாப் அண்ணன் சொல்லித்தான் இந்த ஆபீஸுக்குப் போனேன். சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்ப் பெயர் எழுதி வைத்தேன், உள்ளே கூப்பிடும்போது எட்டு பத்து. வராந்தாவில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும், அதுதான் எனக்குக் கிடைத்தது. காத்திருக்கிற நேரத்தில் ஜூனியர் தம்பி ஒருவர் வந்து கதையைக் கேட்டுவிட்டு, "முன்ஜாமீன் போட்டுடலாம்ணா, எல்லாம் சேர்த்து 35 ஆகும்" என்றார். 35 என்றால் 35,000. எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது. இந்த விமர்சனத்தில் நான் கழிக்கிற முதல் மதிப்பெண் இதற்குத்தான். சீனியர் காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஜூனியர் விலை சொல்லக் கூடாது.

சீனியர் மேடத்துக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் கதையை ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "கதை அப்புறம் தம்பி, பேப்பரைக் காட்டுங்க." போனில் இருப்பதைக் காட்டினேன். "கீழ போய் பிரிண்ட் எடுத்துட்டு வாங்க." எடுத்து வந்தேன். அது ஸ்டேஷனில் ஜெராக்ஸ் போட்டு வைத்திருக்கிற படிவம்தான், பெயர், தேதி, பிரிவு எல்லாம் கோடிட்ட இடத்தில் பேனாவால் நிரப்பியிருந்தது. அதில் "பிரிவு" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருந்த எண்ணைச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். 35(3) என்று இருந்தது.

"இந்த இடத்துல 179னு இருந்திருந்தா உங்களைச் சாட்சியா கூப்பிடுறாங்கன்னு அர்த்தம். 35(3)னா உங்க மேலயே சந்தேகம் இருக்கு, ஆனா இப்போதைக்கு அரெஸ்ட் பண்ண வேண்டியதில்லைன்னு அவங்களே நினைக்கிறாங்கன்னு அர்த்தம். ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்."

காலையிலிருந்து அந்தக் காகிதத்தை நானும் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன், அந்த எண்ணைக் கவனிக்கவே இல்லை. என்னைக் கேட்டால் கொடுத்த 2,000 ரூபாயில் பாதி அந்தச் சிவப்பு வட்டத்துக்கே சரியாகப் போய்விட்டது.

அப்புறம் அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் எடுத்தவுடன் கைது செய்துவிடக் கூடாது, ஏன் கைது தேவை என்று காரணம் எழுதி வைக்க வேண்டும் என்பது 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 317(2), அதிகபட்சம் மூன்று வருடம். ஆகவே நோட்டீஸ்தான் முறை. நோட்டீஸில் சொன்னபடி ஆஜராகிக்கொண்டே இருக்கும் வரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது. ஆஜராகாமல் ஒளிந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். முன்ஜாமீன் பற்றிக் கேட்டதும் ஜூனியர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்ப வேண்டாம். வேணும்னு தோணுச்சுன்னா நானே சொல்றேன்" என்றார். 35,000 மிச்சம். அந்த ஜூனியர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருக்கலாம்.

வாட்ஸ்அப் விஷயம் தனி. இந்த மாதிரி நோட்டீஸை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் அது சட்டப்படி கொடுத்ததாகாது என்று 2025 ஜனவரியில் சதேந்தர் குமார் அன்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம், அதே வருடம் ஜூலையில் அதை மறுபடியும் உறுதி செய்ததாம். இதைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "அப்ப போக வேண்டாமா மேடம்?" என்றேன். சிரித்தார். "சட்டம் உங்க பக்கம்தான். ஆனா போகாம இருந்துட்டு, செல்லாத நோட்டீஸ்னு நாளைக்கு ஜட்ஜ்கிட்ட சொல்லப் போறது நான். நடுவுல ராத்திரி கடைக்கு வண்டி வந்தா நிக்கப் போறது நீங்க." அவரே எஸ்.ஐ.க்குப் போன் செய்து, சத்தம் போடாமல், "சார், பையன் வந்துடுவான், நோட்டீஸை மட்டும் கையில கொடுத்துடுங்க, ரெண்டு நாள் டைம் வேணும்" என்றார். மறுநாளே ஒரு காவலர் வந்து கடையில் கொடுத்துவிட்டுப் போனார். உரிமை என்றால் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது புதுசு.

அப்பா விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய சட்டத்தில் 65 என்று இருந்த வயதைப் புதுச் சட்டம் 60 ஆக்கியிருக்கிறது. சாட்சி விசாரணை என்றால் 60 வயது தாண்டிய ஆண்களையும், பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ள பையன்களையும், ஊனமுற்றவர்களையும், கடுமையான நோயாளிகளையும் அவர்கள் இருக்கிற இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும், அவர்களாக விரும்பி வந்தால் ஒழிய. "அப்பா பேர்ல நோட்டீஸே இல்ல. அவரைக் கேக்கணும்னா வீட்டுக்கு வரச் சொல்லுங்க, காபி கொடுங்க" என்றார். இதைச் சொன்னபோது என் அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் கேட்க வைக்க வேண்டும் போலிருந்தது.

ஜூனியரைத் திட்டிவிட்டேன், பாராட்டவும் வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போதே தமிழ்நாடு காவல் துறையின் தளத்தில் அந்த வழக்கின் எஃப்.ஐ.ஆரைத் தேடி எடுத்துவிட்டார். பாலியல் குற்றம் மாதிரி சில வகை வழக்குகளைத் தவிர மற்றவற்றை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. பஸ்ஸில் போன் திருட்டு, பிரிவு 303(2), எதிரி (அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்) யார் என்ற கட்டத்தில் "தெரியவில்லை". என் பெயர் எங்கும் இல்லை. அதைப் படித்த பிறகுதான் அன்றைக்கு முதல்முறையாகத் தண்ணீர் குடித்தேன்.

பிறகு ஸ்டேஷனில் என்ன பேசுவது, எதில் கையெழுத்துப் போடுவது என்ற பாடம். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கலாம். கேட்கிற கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், கதை விடக் கூடாது. ஆனால் என்னையே குற்றவாளியாக்குகிற பதிலைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியலமைப்பின் 20(3). விசாரணையில் நான் சொல்வதை எழுதிக்கொள்ளலாம், அதன் கீழே என்னிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, அது புது நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 181. நோட்டீஸ் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடலாம், மகசர் (கைப்பற்றிய பொருள்களின் பட்டியல்) நகல் பெற்றுக்கொண்டதற்குப் போடலாம், வெள்ளைத் தாளில் மட்டும் யார் கேட்டாலும், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் போடக் கூடாது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று சினிமா பார்த்த எல்லோருக்கும் தெரியும். தெரியாத மிச்சப் பாதியையும் மேடம் சொன்னார். பொருள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லி, அங்கே போய் அதை எடுத்தார்கள் என்றால், அந்த அளவுக்கு அது செல்லும். "செல்லாதுதானேன்னு வாய்க்கு வந்ததை ஒப்புக்காதீங்க."

விசாரணையின்போது வக்கீல் பக்கத்திலேயே உட்காரலாமா என்றும் கேட்டேன். கைதாகி விசாரிக்கப்படுகிறவருக்கு இடையில் வக்கீலைப் பார்க்கிற உரிமை அதே நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 38இல் இருக்கிறது, ஆனால் விசாரணை முழுக்கக் கூடவே இருக்க முடியாது. "நான் வந்து உட்கார்ந்தா தனி ஃபீஸ், இதுக்கு அது தேவையில்ல" என்று வெளிப்படையாகச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு அரைத் தாளில், ஒருவேளை கைதானால் என்ன என்பதை அவர் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கைதுக்கான காரணத்தைப் புரிகிற மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் (எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது), வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பில் வீட்டு ஆளோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். டாக்டரும் மாஜிஸ்திரேட்டும் "அடிச்சாங்களா?" என்று கேட்டால் பயப்படாமல் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார். அதற்கு மேல் அவர் விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். பழைய போன் வாங்குகிற நோட்டின் அந்தப் பக்கம், விற்றவன் கொடுத்த ஆதார் நகல், அவன் கடையில் நிற்கிற சிசிடிவி காட்சி அடங்கிய பென் டிரைவ், எல்லாம் நகல்தான், ஒரிஜினல் வீட்டில். நோட்டில் எழுதுகிற பழக்கத்தை எங்கள் அப்பா பிடிவாதமாக வைத்திருந்தார், நான் அதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன், போகட்டும். இரண்டு மணி நேரம் பெஞ்ச், முக்கால் மணி நேரம் கேள்வி. கடைசியில் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டர், நான் சொன்னதை எழுதிய தாளை என் பக்கம் திருப்பி, "ஒரு கையெழுத்து" என்றார். தொண்டை வறண்டது. "சார், வாக்குமூலத்துல வேண்டாம்னு வக்கீல் மேடம் சொன்னாங்க, 181ன்னு..." என்று இழுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார், தாளைத் திருப்பி எடுத்துக்கொண்டார், "சரி, டீ சாப்பிடுறியா?" என்றார். அவ்வளவுதான். இவ்வளவு சின்னதாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்றும் சொல்ல மாட்டேன். கையில் நோட்டும் போனில் வக்கீல் நம்பரும் இருந்த கடைக்காரன் நான். இரண்டும் இல்லாத பையனிடம் அந்தத் தாள் திரும்பிப் போயிருக்குமா, தெரியாது.

வழக்கு இன்னும் முடியவில்லை. என்னைச் சாட்சியாகத்தான் சேர்ப்பார்கள் போலிருக்கிறது, குற்றப்பத்திரிகை வந்தால்தான் உறுதி.

இனி குறைகள். இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருப்பு. 2,000 ஃபீஸுக்கு ரசீது கிடையாது, கேட்டதற்கு குமாஸ்தா நான் அவர் கிட்னியைக் கேட்ட மாதிரி பார்த்தார். அந்தக் குமாஸ்தாவுக்கு டைப்பிங், ஜெராக்ஸ் என்று 300 தனி, அதில் நான் கீழே என் காசில் எடுத்த பிரிண்டும் சேர்த்தி. மேடம் வேகமாகப் பேசுகிறார், பிரிவு எண்களை மளமளவென்று கொட்டுகிறார், எழுதிக்கொள்ளாமல் விட்டால் வெளியே வரும்போது பாதி போய்விடும். முக்கியமான குறை, இரவு ஒன்பதுக்கு மேல் போனை எடுப்பதில்லை. இதற்கு அவரை முழுசாகக் குறை சொல்லவும் முடியவில்லை, அவரும் மனுஷிதான், ஆனால் இந்த மாதிரி தலைவலி எல்லாம் இரவு ஒன்பதுக்கு மேல்தானே வருகிறது.

2,000 இல்லாதவர்கள் 15100க்குப் போன் செய்யலாம், தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச எண். மாவட்டக் கோர்ட்டிலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருக்கிறவர்கள், இவர்களுக்கெல்லாம் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. இது 1987 சட்டத்தில் இருப்பது, யாரும் போடுகிற பிச்சை இல்லை. எனக்கு இது தெரிந்தது மேடம் ஆபீஸிலிருந்து இறங்கி வந்து, எதிரே கோர்ட் சுவரில் இருந்த போர்டைப் படித்தபோதுதான். ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் அந்த ஆப்புக்கு 499 கட்டுவதற்குப் பதில் அங்கே ஒரு போன் போட்டிருப்பேன்.

மதிப்பெண்: சட்ட அறிவுக்கு ஐந்துக்கு ஐந்து, நேர்மைக்கு நாலரை, ஆபீஸ் நிர்வாகத்துக்கு இரண்டு. மொத்தத்தில் நாலு. உங்கள் ஊரில் இப்படி ஒருவரைத் தேடுகிறீர்கள் என்றால் ஒரே சோதனைதான், கதையைக் கேட்பதற்கு முன் காகிதத்தைக் கேட்கிறாரா என்று பாருங்கள். ஃபீஸை உள்ளே போனதும் கேட்டுவிடுங்கள், ஒரு பேனா கொண்டுபோங்கள், ஆடுகிற நாற்காலியில் உட்காராதீர்கள்.

போன வாரம் அந்த ஜூனியர் தம்பி போனுக்கு டெம்பர்ட் கிளாஸ் ஒட்ட என் கடைக்கு வந்திருந்தார். 150 ரூபாய். ஒட்டிக் கொடுத்து, பில் புக்கை எடுத்து, தேதி போட்டு, பெயர் எழுதி, முத்திரை குத்தி ரசீதை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "குத்திக் காட்டுறீங்களேண்ணா" என்று சிரித்துக்கொண்டே போனார்.